கனவில் அழுத குழந்தை

"ஒரு கொலை கூடவா மேடம் நமக்கு வரக் கூடாது?" என்று அன்று காலையில்தான் எழிலரசன் அலுத்துக்கொண்டார். அந்த வாயை அப்போதே தைத்துப் போட்டிருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டார்.

அவர் அலுத்துக்கொண்டதிலும் நியாயம் இருந்தது. முத்தியால்பேட்டையில், இஸ்திரிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கலைமகளின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் சொல்தா வீட்டுச் சண்டைகள்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மனிதர் கண்ணை மூடியதும், பென்சியோன், அதாவது பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன், எனக்குத்தான் என்று இரண்டு பெண்டாட்டிகள் வந்து நிற்பார்கள். எந்தக் கல்யாணம் நிஜம் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதுக் கலைமகள் அதைக் குரல் உயர்த்தாமல், முகம் சுளிக்காமல் செய்வார். எழிலரசனோ நிருபராக ஓடியாடிய ஆள். பத்திரிகையை மூடிவிட்டார்கள், இங்கே வந்து சேர்ந்தார். பரபரப்பு இல்லாத நாளெல்லாம் அவருக்குக் காய்ச்சல் நாள்தான். பொழுது போகாமல் தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் கனவுப் பலன் படித்துக்கொண்டிருப்பார். பல் விழுந்தால் இது, பாம்பு வந்தால் அது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கைக்குழந்தையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். பின்னால் குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கணவன். அந்தப் பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே மை அப்பிய மாதிரி கறுத்திருந்தது.

"மேடம், எங்க அத்தா எங்க அம்மாவைக் கொன்னுட்டாரு," என்றாள். "நான் பாத்தேன். கனவுல."

எழிலரசனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கலைமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியைத் திருப்பி வைத்தார். "உக்காருங்கம்மா. குழந்தைக்கு நேரா காத்து படாம உக்காருங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க."

அவள் பெயர் நிதா. கணவன் அதீப். அவளுடைய அத்தா அப்துல் கையூமுக்குக் கடைத்தெருவில் அத்தர் கடை. அம்மா கரீமா இறந்தபோது நிதாவுக்கு நாலு வயது. மஞ்சள் காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட, வீட்டில்தான் மவுத் ஆனார் என்று சொல்லித்தான் கையூம் அவளை வளர்த்திருந்தார். மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே மகள், ஒரே உயிர்.

"பாப்பா பொறந்ததுலேருந்து எனக்குத் தூக்கம் போச்சு மேடம். ஒரு தோழி சொல்லி டாக்டர் செம்மல்கிட்ட போனேன். கனவை வெச்சு மனசுக்கு வைத்தியம் பாக்கறவரு. முதல் தடவை பேசிட்டு வந்தப்ப நிம்மதியாத்தான் இருந்துது. அப்புறந்தான் இந்தக் கனவு வந்துது. திரும்பத் திரும்ப வருது."

"சொல்லுங்க."

"இருட்டான ரூமு. தரையில பாய் போட்டு ஒரு பொம்பளை படுத்திருக்காங்க. அசையல. தலைமாட்டுல சின்ன விளக்கு. பக்கத்துல ஒரு படி, அதுல வழிய வழிய நெல்லு. எங்கேயோ ஒரு குழந்தை அழுதுட்டே இருக்கு. நான் கத்தப் போறேன். அப்ப ஒரு கை பின்னாலேருந்து என் வாயைப் பொத்துது. புளிச்ச வாடை. அப்புறம் அத்தா குரல். 'யார்கிட்டயும் சொல்லாதே கண்ணு'ன்னு."

எழிலரசனுக்கு அந்த அறையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"வாயைப் பொத்தின ஆளோட முகம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார் கலைமகள்.

"முதல்ல தெரியல. டாக்டர்கிட்ட பேசப் பேசத் தெரிஞ்சுது. அத்தா முகம்."

"விளக்கு, நெல்லு, அழற குழந்தை? அதுக்கெல்லாம் டாக்டர் என்ன சொன்னாரு?"

"விளக்குன்னா உள்மனசு காட்டற உண்மையாம். நெல்லு தாய்மை. அழற குழந்தை நான்தானாம். புளிச்ச வாடை தாய்ப்பாலாம்."

அந்த நேரம் பார்த்து, கீழே இஸ்திரிக் கடையில் முந்தின நாள் மிச்சமான கஞ்சிப் பானையைக் கழுவி ஊற்றினார்கள். வாடை மாடிக்கு ஏறியது. நிதா விருட்டென்று எழுந்து குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"இதுதான். இதே வாடைதான்."

கலைமகள் போய் ஜன்னலைச் சாத்தினார். அவளை மறுபடி உட்கார வைத்தார்.

"அத்தாகிட்ட கேட்டீங்களா?"

"நேருக்கு நேரா கேட்டேன். 'சின்ன வயசுல என்கிட்ட யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னீங்களா, இல்லயா?'ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுட்டாரு மேடம். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கால்ல விழுந்திருப்பேன். சொல்லலயே!"

"மாமா சோறு தண்ணி இல்லாம கெடக்காரு மேடம்," என்றான் அதீப், மெல்ல. "கடையும் தொறக்கறதில்ல. இவ வர்ற திங்கக்கிழமை ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேங்கறா. அவரு தாங்க மாட்டாரு."

"எழுதித்தான் குடுப்பேன்! எங்கம்மாவுக்கு யாரு இருக்கா?" என்று வெடித்தாள் நிதா. குழந்தை வீறிட்டது. அவள் அதைத் தட்டிக்கொடுக்கக்கூடத் தோன்றாமல் சுவரையே பார்த்தாள். அதீப்தான் வாங்கி ஆட்டினான்.

"இப்பவாவது தூங்கறீங்களாம்மா?"

"கண்ணை மூடினா அவங்க படுத்திருக்காங்க. சில நேரம் அந்தப் பாயில படுத்திருக்கறது நான்தானோன்னு தோணும்." அவள் லேசாகச் சிரித்தாள். "அப்படியே படுத்துட்டாக்கூட நிம்மதிதான்னு தோணும்."

கலைமகளின் பேனா நின்றது. "அதீப், திங்கக்கிழமை வரைக்கும் இவங்களைத் தனியா விடாதீங்க. ஒரு நிமிஷம் கூட." கொலையைப் பற்றிச் சொல்ல வந்தவளைப் பற்றி மேடம் ஏன் இப்படிக் கவலைப்படுகிறார் என்று எழிலரசனுக்கு அப்போது விளங்கவில்லை.

செம்மலின் அறை ஒயிட் டவுனில், ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் பின்கட்டில் இருந்தது. குளிரூட்டிய அறை, சாய்வு நாற்காலி, சாந்தமான குரல். போலி ஆசாமியைப் பிடித்து உலுக்கலாம் என்று கை பரபரக்கப் போன எழிலரசனுக்கு ஏமாற்றம்தான். மனிதர் நிஜமாகவே நல்லவராக இருந்தார். நிதாவின் அனுமதிக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் வாயையே திறந்தார்.

"நான் யாரையும் குற்றம் சாட்டலங்க. அவங்க மனசு சொல்றதைக் கேக்கறேன், அவ்வளவுதான். கனவைப் பேசறதால பல பேர் தேறியிருக்காங்க. என் கண்ணால பாத்திருக்கேன்."

"நம்பறேன் டாக்டர். யாராவது உக்காந்து காது குடுத்துக் கேட்டாலே பாதி பாரம் குறையும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். வாயைப் பொத்தின கைக்கு முகம் எப்ப வந்துது?"

செம்மல் யோசித்தார். "முகம் தெரியலைன்னாங்க. 'சரி, அப்ப வீட்டுல இருந்த ஆண் யாரு?'ன்னு கேட்டேன். அழுதாங்க. அடுத்த வாரம் அந்தக் கனவுல அப்பா முகம் இருந்துது."

"எந்த வீடுன்னு கேட்டீங்களா?"

"அவங்க வீடுதானே?" என்றார் செம்மல். கலைமகள் நன்றி சொல்லி எழுந்தார்.

அங்கிருந்து கையூமின் வீட்டுக்குப் போனார்கள். முத்தியால்பேட்டைச் சந்து ஒன்றில், நெருக்கியடித்த வீடுகளுக்கு நடுவே இருந்தது. கிழவர் மெலிந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களைக் கண்டதும், பழக்கம் விடாமல் ஒரு சின்னப் புட்டியை எடுத்து இருவர் புறங்கையிலும் அத்தர் தடவினார். வீடு, துணி, தலையணை, அவருடைய விரல் நகம்வரை மல்லிகையும் சந்தனமும் மணத்தன.

"என் புள்ள என்னைக் கொலைகாரன்னு நெனைக்குது," என்றார். "நெனைச்சுட்டுப் போகட்டும். உண்மை எனக்கும் அல்லாவுக்கும் தெரியும்."

"பாய், கரீமா அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நிதாவை யாரு பாத்துக்கிட்டாங்க?"

புட்டி கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. கிழவர் அதை எடுக்கக் குனியவில்லை. "பக்கத்து வீட்டுல," என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் அப்போது இருந்தது யார் என்று சந்தில் விசாரிக்க எழிலரசனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. மில் தொழிலாளி பலராமன். பெண்டாட்டி குஞ்சம்மாள் இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது கனகசெட்டிக்குளத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார்.

கனகசெட்டிக்குளம் கரையில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் அந்த வீடு. மகள் செந்தமிழ்ச்செல்வி வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி டீ கொண்டு வந்தாள். நிறைமாசம். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மாவா? நெஞ்சு வலிங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாம். நான் அப்ப கைக்குழந்தை. ஒரு போட்டோ கூட இல்ல பாருங்க," என்றாள். அவள் உள்ளே போகும் வரை பலராமன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைக்குழந்தை! வாயைத் திறக்கப் போன எழிலரசனைக் கலைமகள் கண்ணாலேயே அடக்கினார்.

"மில்லுல நீங்க எந்தப் பக்கம் பாத்தீங்க, ஐயா?"

"சைசிங்குல. நூலுக்குக் கஞ்சி போடறது." பலராமன் நிமிர்ந்தார். "பாய் நல்லா இருக்காரா?"

"இல்ல. அவரு கரீமா அம்மாவைக் கொன்னுட்டாருன்னு மகளே போலீசுக்குப் போகப் போறா. அவரு மறுத்து ஒரு வார்த்தை பேசல. சாப்பிடறதையும் விட்டுட்டாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவரு வீட்டுல எல்லாரும் கூடறோம்."

பலராமன் மகள் போன பக்கம் திரும்பிப் பார்த்தார். டம்ளரில் டீ தளும்பி அவர் கையில் கொட்டியது. சூடு தெரிந்ததாகவே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தீயாக எரிந்தது. கையூமின் கூடத்தில் நிதா குழந்தையோடு ஒரு மூலையில், அவள் அத்தா எதிர் மூலையில். நடுவில் அதீப். செம்மலும் வந்திருந்தார். கூப்பிட்டதற்கு மறுக்காமல் வந்ததே அவர் மேல் எழிலரசனுக்கு மரியாதையை உண்டாக்கியது.

"நிதா பொய் சொல்லல," என்று தொடங்கினார் கலைமகள். "அவங்க பாத்தது நிஜம். ஒரு சாவைப் பாத்திருக்காங்க. ஆனா இந்த வீட்டுல இல்ல. எழில், உங்க வீட்டுல ஒருத்தர் இறந்தா, தூக்கற வரைக்கும் தலைமாட்டுல என்ன வைப்பீங்க?"

எழிலரசன் தலையில் அடித்துக்கொண்டார். எங்கே பார்த்தோம் என்று இத்தனை நாளாக மண்டையைக் குடைந்த அறை அவருடைய அப்பா கிடத்தப்பட்டிருந்த அறைதான். "விளக்கு மேடம். ஒரு படி நெல்லு. அட என் புத்தியே!"

"பாய், உங்க வீட்டுல வைப்பீங்களா?"

கையூம் தலையை ஆட்டினார். "எங்களுக்கு அந்த வழக்கம் இல்லீங்க."

"நிதா பாத்தது ஒரு இந்து வீட்டுச் சாவு. டாக்டர் அதை உண்மை, தாய்மைன்னு பிரிச்சாரு. அது வெறும் விளக்கு, வெறும் நெல்லு. அழுத குழந்தையும் நிதா இல்ல. நிதா ஒரே புள்ள, அவங்களுக்கு அப்ப நாலு வயசு. அழுதது வேற குழந்தை. அப்புறம் வாயைப் பொத்தின கை. புளிச்ச கஞ்சி வாடை. நிதா, உங்க அத்தா கை என்னைக்காவது கஞ்சி வாடை அடிச்சிருக்கா?"

நிதா மெல்லத் திரும்பி அத்தாவின் கையைப் பார்த்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப உங்களைப் பாத்துக்கிட்டது பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள். அவங்களுக்கு ஒரு கைக்குழந்தை. புருஷன் மில்லுல கஞ்சிப் பிரிவு. பாயில படுத்திருந்தது குஞ்சம்மாள்தான்."

"அப்ப அத்தா குரல்?" நிதா கிட்டத்தட்டக் கத்தினாள். "அது கனவு இல்ல! அவரு சொன்னாரு! அவரே தலையைக் குனிஞ்சாரு!"

"சொன்னாரு. ஆனா அந்த ரூமுல இல்ல. கையும் குரலும் ரெண்டு பேரோடது. கனவு ரெண்டையும் ஒட்டிடுச்சு. டாக்டர் கேட்ட ஒரு கேள்வி அதுக்கு ஒரு முகத்தைக் குடுத்துடுச்சு. இயற்கையா செத்திருந்தா, பாத்த குழந்தையோட வாயை யாரும் பொத்த மாட்டாங்க. அங்க என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பாய் சொல்ல மாட்டாரு."

"நான் சொல்றேன்," என்றது ஒரு குரல்.

வாசலில் பலராமன் நின்றார். கையூம் துள்ளி எழுந்தார். "வேணாம் பலராமா! உம் பொண்ணு..."

"வெளிய வண்டியிலதான் இருக்கா. நிறைமாசக்காரியைத் தனியா விட்டுட்டு வர முடியல. காதுல விழாது. என் பொண்ணுக்காக நீ உம் பொண்ணை இழந்துடுவியா பாய்?" பலராமன் நிதாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். "புள்ள பெத்த பொறகு எம் பொண்டாட்டி அவளா இல்லம்மா. ராவும் பகலும் தூங்க மாட்டா. சுவத்தையே பாத்துட்டு இருப்பா. புள்ள வீல்னு கத்தும், காதுலயே விழாது. எனக்கு என்ன தெரியும்? எல்லாம் சரியாப் போயிடும்னு ஷிப்ட்டுக்குப் போயிட்டேன். வந்து பாத்தா, அவளே போய்ச் சேந்துட்டா. தன் உசுரைத் தானே முடிச்சுக்கிட்டா. படுக்க வெச்சு விளக்கேத்தறேன், திரும்பிப் பாத்தா நீ நிக்கற. எல்லாத்தையும் பாத்துட்ட. நீ கத்திடப் போறேன்னு வேலைக் கையோட வாயைப் பொத்தினேன்."

அவர் மூச்சு வாங்கினார். கையூம்தான் தொடர்ந்தார், தரையைப் பார்த்தபடியே. "அவன் என் காலைப் புடிச்சுட்டு அழுதான்மா. 'போலீசு, ஆஸ்பத்திரின்னு அவளை அறுத்துப் போட்டுடுவாங்க பாய். எம் பொண்ணை ஊர் என்ன பேசும்?'ன்னான். உன்னை மடியில வெச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாதே கண்ணுன்னு நான்தான் சொன்னேன். கொஞ்ச நாள்ல உங்கம்மாவும் போயிட்டா. நீ அதை மறந்துட்டேன்னு நெனைச்சேன். நீ 'சொன்னீங்களா'ன்னுதானே கேட்ட? சொன்னவன் எப்படிம்மா இல்லைங்கறது?"

நிதா எழுந்தாள், நடந்தாள், அத்தாவின் காலடியில் சரிந்து ஓவென்று அழுதாள். கிழவர் அவள் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். எழிலரசன் வெட்கமே இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பொய் சொல்லலையே மேடம்," என்றார் செம்மல், தாழ்ந்த குரலில். "எதையும் திணிக்கணும்னு நெனைக்கல."

"தெரியும் டாக்டர். ஆனா விடை தெரியாத இடத்துல நீங்க ஒரு ஆளை நிறுத்திட்டீங்க. அதுவும் தூங்காத மனசுக்குள்ள. அது இவங்க அத்தாவைத் தூக்கு மேடை வரைக்கும் கொண்டு போயிருக்கும். அதை விடுங்க. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வராத கனவு இப்ப ஏன் வந்துது? நீங்க பழசையே தோண்டினீங்க. தூங்காத ஒரு தாய், கைக்குழந்தை, சுவத்தையே பாக்கற கண்ணு. நிதாவோட மனசு இதை முன்னாலயே ஒருத்திகிட்ட பாத்திருக்கு. அது குத்தவாளியைக் காட்டல. அந்தப் பாயில நாமளும் போய்ப் படுத்துடுவோமோன்னு பயந்து, உதவி கேட்டுச்சு."

செம்மலின் முகம் வெளுத்தது. "தூக்கம் இல்லைன்னுதான் வந்தாங்க," என்றார். "நான் கனவை மட்டும் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு எனக்குத் தோணவே இல்லயே!"

அதீப் அப்போதே ஆட்டோவுக்குப் போன் செய்தான். கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

அந்த நேரம் வாசலில் நிழல் விழுந்தது. செந்தமிழ்ச்செல்வி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வியர்வையில் நனைந்து நின்றாள். "வெயில் தாங்கல. கொஞ்சம் தண்ணி கெடைக்குமாங்க?"

பலராமன் அவசரமாக எழுந்து நின்றார். கையூம் கண்ணை மூடிக்கொண்டார். இந்தக் கூடத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்தது இவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. ஒரு கொலை கூட வரவில்லையே என்று ஏங்கிய தன்னை நினைத்து எழிலரசனுக்கே அருவருப்பாக இருந்தது.

நிதாதான் எழுந்து போய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செல்வி குடித்துவிட்டு, அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க நிதா அக்காதானே? அப்பா சொல்லுவாரு. எங்கம்மா உங்களை இடுப்பை விட்டு எறக்க மாட்டாங்களாமே! எனக்கு அவங்க முகமே தெரியாதுக்கா. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

நிதா பலராமனைப் பார்த்தாள். அவர் கைகூப்பாத குறையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செல்வியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இருக்கு. விளக்கு வெளிச்சத்துல, நல்லாத் தூங்கற மாதிரி இருந்தாங்க. ஆனா அதுக்கு முன்னால ரொம்ப நாள் அவங்க தூங்கவே இல்ல செல்வி. உன்னைப் பெத்த பொறகு. அது ஒரு நோவு. எனக்கும் வந்திருக்கு, இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். உனக்குப் புள்ள பொறந்து, தூக்கம் வராம, சுவத்தையே பாத்துட்டு இருக்கணும்போலத் தோணுச்சுன்னா..."

செல்வி புரியாமல் விழித்தாள். "தோணுச்சுன்னா?"

நிதா குழந்தையை அத்தாவின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"யார்கிட்டயாவது சொல்லிடு, கண்ணு."